விலாசம் இல்லாத வங்கி

சட்டத்துறை மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் விரும்பித் தேர்ந்தெடுக்கும் பாடங்களுள் வங்கிச் சட்டம் இடம்பெறுவதில்லை. குற்றவியல் சட்டத்தில் கொலை வழக்குகள் உண்டு. குடும்பச் சட்டத்தில் கண்ணீர் உண்டு. வங்கிச் சட்டத்தில் காசோலையும் கணக்குப் புத்தகமும்தான் என்று மூத்த மாணவர்கள் பயமுறுத்துவார்கள். கால அட்டவணையில் வேறு பாடத்திற்கு இடம் இல்லாததால்தான் நானும் அதை எடுத்தேன். அந்தப் பாடமே என்னை ஒரு மனிதரிடம் கொண்டு சேர்க்கும் என்று அப்பொழுது நான் நினைக்கவில்லை.

பயிற்சி வகுப்பில் விரிவுரையாளர் எங்களைக் குழுக்களாகப் பிரித்தார். மலேசியாவில் ஒரு காலத்தில் இயங்கி, இன்று பெயர்ப்பலகைகூட இல்லாமல் போன வங்கிகளின் பட்டியலைக் கொடுத்தார். ஒவ்வொரு குழுவும் ஒரு வங்கியை எடுத்துக்கொண்டு, அது எந்தச் சட்டத்தால் தோன்றியது, எப்படி மறைந்தது என்று படைக்க வேண்டும். எங்கள் குழுவிற்குக் கிடைத்தது யுனைடெட் ஏசியன் வங்கி. குழுவிலிருந்த மற்ற நால்வருக்கும் அது வெறும் பெயர். எனக்கு மட்டும் அதை எங்கோ பார்த்த நினைவு.

அந்த வார இறுதியில் வீட்டிற்குச் சென்றபோது பாட்டியின் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். பிறப்புப் பத்திரங்கள், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை ஆகியவற்றின் அடியில் அந்தச் சேமிப்புப் புத்தகம் இருந்தது. அட்டையில் யுனைடெட் ஏசியன் வங்கியின் பெயர். தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பட்டணத்துக் கிளையில் தமிழில் பேச ஆள் இருந்ததால் அங்கே கணக்குத் திறந்தாராம். அவர் 1995-இல் இறந்தபின், அப்பா இறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனபோது அங்கே பெயர்ப்பலகை மாறியிருந்தது. ஆனாலும் கணக்கிலிருந்த பணம் ஒரு காசு குறையாமல் வட்டியுடன் கிடைத்தது. கணக்கு முடிந்ததற்கான முத்திரையோடு புத்தகம் பாட்டியிடம் திரும்பி வந்தது.

பெயர் மாறிய வங்கி ஏன் பழைய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது? இந்தக் கேள்வியுடன்தான் நான் நூலகத்திற்குள் நுழைந்தேன்.

பாட்டியின் கோபம்

யுனைடெட் ஏசியன் வங்கி 1973-இல் மூன்று இந்திய வங்கிகளின் மலேசியக் கிளைகள் ஒன்று சேர்ந்து உருவான வங்கி. இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்பனவே அம்மூன்று. இவற்றுள் கடைசி வங்கியின் வேரைத் தேடிச் சென்றபோது ஒரே மனிதரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அவர்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார்.

அப்பெயரைப் படித்ததும் எனக்குச் சற்றுத் தயக்கம் ஏற்பட்டது. காரணம் எங்கள் பாட்டி. செட்டியார் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் சுருங்கும். பாட்டியின் அப்பா மாடு வளர்த்துப் பால் விற்று அரை ஏக்கர் நிலம் வாங்கியிருந்தார். கொரியப் போர் முடிந்து ரப்பர் விலை சரிந்த காலத்தில் 300 வெள்ளிக்காக நிலத்தின் கிராண்டைப் பட்டணத்து வட்டிக்கடையில் வைத்தார். வட்டி கட்டியே ஓய்ந்துபோய், கடைசியில் நிலம் கைவிட்டுப் போனது. பாட்டி மீண்டும் தோட்டத்து லயத்திற்கே திரும்பினார். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நான் ஒரு செட்டியாரின் வாழ்க்கையை எழுதுவதா? எழுதத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் கழக நண்பர்கள் பலர் இவரைச் சென்னைச் சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்கத்தின் பெயரில் உள்ள சிதம்பரம் என்று நினைத்தார்கள். அவர் எம்.ஏ. சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் புதல்வர். நம் சிதம்பரம் செட்டியார் வேறொருவர்.

கிட்டங்கியும் விலாசமும்

சிதம்பரம் செட்டியார் 1908 ஆகஸ்டு 2-ஆம் நாள் நகரத்தார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் சர் எம்.சி.டி. முத்தையா செட்டியார். அவர் பிறந்த காலத்தில் நகரத்தார் தொழில் இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர், சுமத்ரா, சைகோன் எனப் பரவியிருந்தது. பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளி ரதத்தைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் இந்நாட்டில் எவ்வளவு ஊன்றியிருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பினாங்கு வீதியிலும், கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஒவ்வொருவரும் ஒரு சிறு மேசையும் பெட்டியுமாகத் தரையில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் செய்வார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருக்க, ஏறக்குறைய மூன்று ஆண்டுத் தவணைக்கு மேலாள் ஒருவர் இங்கு வந்து தொழிலைக் கவனிப்பார். அவருக்குக் கீழே அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருப்பார்கள்.

ஒவ்வொரு தொழிலுக்கும் முன்னோர் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்த அடையாளம் ஒன்று உண்டு. அதனை அவர்கள் விலாசம் என்பார்கள். எம்.சி.டி.எம். என்பதும் அத்தகைய விலாசமே. கடன் வாங்குபவரும் பணம் போடுபவரும் அந்த விலாசத்தை நம்பியே வந்தார்கள். குடும்பத்தின் நாணயம்தான் தொழிலின் முதல்.

சட்டம் படிக்கும் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு பலமும் ஒரு பலவீனமும் உள்ளன. முதலாளியின் பொறுப்புக்கு எல்லை கிடையாது. ஆகவே நம்பிக்கை வலுவாக இருந்தது. ஆனால் மனிதரும் தொழிலும் ஒன்றாக இருப்பதால், குடும்பம் சரிந்தால் தொழிலும் சரியும். பணம் போட்டவரும் சேர்ந்து சரிவார்.

இருபத்தொரு வயதுத் தலைவர்

தந்தையார் 1929-இல் காலமானபோது சிதம்பரம் செட்டியாருக்கு ஏறத்தாழ 21 வயது. என்னைவிட ஒரு வயது குறைவு. நான் பி.டி.பி.டி.என். கடனை எப்படிக் கட்டுவது என்று கவலைப்படும் வயதில் அவர் பல ஊர்களில் பரந்திருந்த குடும்பத் தொழிலைத் தலையில் ஏற்றுக்கொண்டார். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்புறுதி நிறுவனத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது.

அந்த ஆண்டில்தான் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியது. பர்மாவில் நெல் விலையும் மலாயாவில் ரப்பர் விலையும் விழுந்தன. கடன் வாங்கிய விவசாயிகளால் பணம் கட்ட முடியவில்லை. பணத்திற்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நில உடைமை 1938-இல் சுமார் 25 விழுக்காட்டை எட்டியது. நிலத்தை இழந்த பர்மியர்களின் கோபம் வளர்ந்தது. எங்கள் பாட்டியின் கோபமும் அதே வகையைச் சேர்ந்ததுதான். மலாயாவிலும் 1933-ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், அத்தகைய நிலங்களை மலாய்க்காரர் அல்லாதவரிடம் அடமானம் வைப்பதைத் தடுத்தது. நிலத்தைப் பிணையாக வைத்துக் கடன் கொடுக்கும் பழைய முறைக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

இந்தச் சூழ்நிலையில் அவர் பழைய கிட்டங்கியை இன்னும் பெரிதாக்கவில்லை. பொதுமக்கள் பங்கு வாங்கக்கூடிய, சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட ஒரு வங்கியை அமைக்க முற்பட்டார். அக்காலத்தில் வெளிநாட்டு நாணய மாற்று வணிகம் பெரும்பாலும் ஐரோப்பிய வங்கிகளின் கையில் இருந்தது. கடல் கடந்து வாழ்ந்த இந்தியர்களின் பண மாற்றத்தையும் வெளிநாட்டு வங்கித் தொழிலையும் தம் வங்கியின் சிறப்புப் பணியாக அவர் வகுத்துக்கொண்டார்.

மூன்று ஊர்களில் ஒரே நாள்

இந்திய நிறுவனச் சட்டத்தில் 1936-இல் செய்யப்பட்ட திருத்தம் வங்கி நிறுவனங்களுக்கென்று தனிப் பகுதியைச் சேர்த்தது. வங்கி தொடங்கக் குறைந்தது 50,000 ரூபாய் செலுத்தப்பட்ட மூலதனம் வேண்டும் என்று விதித்தது. 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அப்போது நிறுவனருக்கு வயது 28. அதையடுத்துப் பினாங்கிலும், பின்னர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கிளைகள் தோன்றின. ரங்கூன் கிளை திறந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. ஏப்ரல் 1-ஆம் நாள் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக முறையில் பிரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி கதவடைத்தது. தென்னிந்திய வங்கிகள் மேல் மக்களுக்குப் பயம் ஏற்பட்ட அந்த நேரத்தையும் புதிய வங்கி தாண்டி நின்றது.

அவ்வங்கியின் பெயரைக் கவனியுங்கள். அதில் எம்.சி.டி.எம். என்ற விலாசம் இல்லை; செட்டியார் என்ற சொல்லும் இல்லை. குடும்பத்தின் முதலெழுத்துகளையே நம்பிக்கையின் அடையாளமாகக் கொண்ட பரம்பரையில் வந்தவர், தாம் தொடங்கிய வங்கிக்கு விலாசம் வைக்கவில்லை.

வங்கிச் சட்ட வகுப்பில் முதலில் படிக்கும் வழக்குகளுள் 1848-ஆம் ஆண்டின் போலி எதிர் ஹில் வழக்கும் ஒன்று. நாம் வங்கியில் போடும் பணம் அந்த நிமிடமே வங்கியின் பணமாகிவிடுகிறது. வங்கி நமக்குக் கடன்பட்டதாகிறது என்பதே அதன் சாரம். வட்டிக்கடையில் நாம் கடனாளி. சேமிப்புக் கணக்கில் வங்கி கடனாளி. நாம் கடன் கொடுத்தவர். 1966-ஆம் ஆண்டின் யுனைடெட் டொமினியன்ஸ் டிரஸ்ட் எதிர் கெர்க்வுட் வழக்கு, வங்கி என்றால் என்ன என்பதற்கு அடையாளங்களைக் கூறுகிறது. மக்களிடமிருந்து பணம் பெறுவது, காசோலைகளை வசூலித்தும் செலுத்தியும் தருவது, நடப்புக் கணக்குகளை வைத்திருப்பது என்பவை அவற்றுள் முக்கியமானவை. கடன் கொடுப்பதால் மட்டும் ஒருவர் வங்கியாளர் ஆகிவிட முடியாது.

இந்த இரு வழக்குகளையும் படித்தபின்தான் சிதம்பரம் செட்டியார் செய்தது எனக்கு விளங்கியது. கடன் கொடுப்பதையே பிரதானமாகக் கொண்ட தொழிலில் பிறந்தவர், ஊராருக்குக் கடன்பட்டு நிற்கும் நிறுவனத்தை உண்டாக்கினார். வட்டிக்கடைக்கும் வங்கிக்கும் இடையில் சட்டம் கோடு போடுகிறது. நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டின் வட்டிக்கடைக்காரர் சட்டம் அந்தக் கோட்டை எழுத்தில் காட்டியது. பிணையுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, பிணையில்லாத கடனுக்கு 18 விழுக்காடு என்ற உச்ச வரம்பு இன்று அச்சட்டத்தில் உள்ளது. அவர் அதற்கு முன்பே அந்தக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் வந்திருந்தார்.

போரும் அதன் பின்னும்

1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் பினாங்கிலும் ரங்கூனிலும் விழுந்தன. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர்க் கிளைகள் வங்கியின் கைவிட்டுப் போயின. ஐந்தே வயதான, வெளிநாட்டுத் தொழிலை நம்பிப் பிறந்த வங்கிக்கு இது எத்தகைய அடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் வங்கி நொடித்துப் போகவில்லை. போர் முடிந்தபின் மலாயாவில் மீண்டும் கிளைகளைத் திறந்தது.

போருக்குப் பிந்திய மலாயாவில் கடன் வழக்குகள் குவிந்தன. போருக்கு முன் நல்ல பணத்தில் வாங்கிய கடன்களைப் பலர் ஜப்பானிய வாழைமரத் தாள்களில் அடைத்திருந்தார்கள். அப்பணம் போர் முடிந்தவுடன் செல்லாக்காசானது. அந்தக் கடன் அடைந்ததா, இல்லையா? இதனைத் தீர்க்கவே 1948-இல் ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நகரத்தார் பலர் பெருத்த நட்டம் அடைந்தார்கள். பர்மாவில் விட்டுவந்த நிலங்களும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பழைய கிட்டங்கி முறை தளர்ந்தது. வங்கி நிலைத்தது.

சிதம்பரம் செட்டியார் வங்கியோடு நிற்கவில்லை. கேரளத்தின் பெரும்பாவூரில் திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலையைத் தொடங்கினார். சென்னை மவுண்ட் ரோட்டில் தம் காப்புறுதி நிறுவனத்திற்காக உயர்ந்த கட்டடம் ஒன்றைத் திட்டமிட்டார். தமிழ்ப் படங்களில் சென்னை என்றவுடன் காட்டப்படும் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம்தான் அது. அதன் பணி 1953-இல் தொடங்கியது.

காலாங்கில் முடிந்த பயணம்

அக்கட்டடம் எழுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1954 மார்ச் 13-ஆம் நாள், சிட்னியிலிருந்து லண்டன் நோக்கிச் சென்ற பி.ஓ.ஏ.சி. விமானம் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கடல் சுவரில் மோதித் தீப்பிடித்தது. விமானத்திலிருந்த 40 பேரில் 33 பேர் மாண்டனர். பயணிகள் 31 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களுள் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். வயது 45.

அவர் கிட்டங்கித் தொழிலின் முதலாளியாக மட்டும் இருந்திருந்தால், அந்த மரணச் செய்தி கேட்டுப் பணம் போட்டவர்கள் பதறியிருப்பார்கள். ஆனால் வங்கி என்பது சட்டத்தின் பார்வையில் தனி ஆள். நிறுவனர் இறந்தாலும் அது இறப்பதில்லை. அதன் கடன்களும் அழிவதில்லை.

அதன் பிறகு நடந்தவை அவர் குடும்பத்திற்கு மகிழ்ச்சி தந்திருக்க முடியாது. இந்தியாவில் 1956-இல் ஆயுள் காப்புறுதி அரசுடைமையானது. அவர் திட்டமிட்ட கட்டடம் 1959-இல் எல்.ஐ.சி. கட்டடமாகத் திறக்கப்பட்டது. 1963-இல் பர்மிய அரசு ரங்கூன் கிளையை எடுத்துக்கொண்டது. 1969-இல் இந்திய அரசு 14 வங்கிகளை அரசுடைமையாக்கியபோது அவற்றுள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தது. அச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1970-இல் கூப்பர் வழக்கில் செல்லாது என்றது. உடனே புதிய சட்டம் வந்தது. வங்கி அரசிடமே நின்றது.

அதன் விளைவு மலேசியாவரை எட்டியது. அந்நிய அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கு இயங்கக் கூடாது என்பது அக்காலத்தில் நம் நாட்டு வங்கிச் சட்டத்தின் நிலை. எனவேதான் 1973-இல் மூன்று இந்திய வங்கிகளின் கிளைகளும் யுனைடெட் ஏசியன் வங்கியாயின. 1990-களின் தொடக்கத்தில் அது பேங்க் ஆப் காமர்ஸ் வங்கியோடு இணைந்தது. அது 1999-இல் பேங்க் பூமிபுத்ராவோடு சேர்ந்து பூமிபுத்ரா காமர்ஸ் வங்கியாகி, 2006-இல் சி.ஐ.எம்.பி. வங்கி என்று பெயர் பெற்றது.

ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகை மாறியது. ஆனால் வங்கிகள் இணையும்போது சொத்துகளோடு கடன்களும் சட்டப்படி புதிய வங்கியைச் சேர்கின்றன. தாத்தாவின் சேமிப்பு அத்தகைய கடன்களுள் ஒன்று. 1995-இல் அப்பாவின் கையில் எண்ணி வைக்கப்பட்ட பணத்திற்கு விடை அதுதான்.

பாட்டியிடம் சொன்னது

எங்கள் படைப்பு முடிந்து நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அடுத்த முறை வீட்டிற்குப் போனபோது அந்தச் சேமிப்புப் புத்தகத்தின் பின்னே ஒரு செட்டியார் இருக்கிறார் என்று பாட்டியிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு வெகு நேரம் பேசாமல் இருந்தார். தன் அப்பாவின் நிலத்தை அந்த மனிதர் திருப்பித் தருவாரா என்று கேட்டார். தர மாட்டார் என்றேன். அப்படியானால் தன் கோபம் தன்னோடு இருக்கட்டும். தாத்தாவின் பணம் வந்து சேர்ந்ததற்கு அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு என்று சொல்லி, புத்தகத்தை வாங்கி மீண்டும் டின்னுக்குள் வைத்தார்.

பாட்டியின் தீர்ப்பை நான் மாற்ற விரும்பவில்லை. வட்டியால் நிலம் இழந்தவர்களின் துயரம் உண்மை. அதை மறைத்துவிட்டு ஒரு பெரிய மனிதரின் புகழைப் பாடுவது நேர்மையாகாது. ஆனால் அந்தத் துயரத்தையே காரணமாக வைத்து அவரை மறந்துவிடுவதும் நேர்மையாகாது. தாம் பிறந்த தொழிலின் பலவீனத்தைக் கண்டு, தம் பெயரை நம்பாமல் சட்டத்தை நம்பிய ஒருவர் நம்மிடையே இருந்தார். தயங்கிய நான் எழுதத் துணிந்ததற்கு அதுவே காரணம்.

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபோது வணிகம், சட்டம், வங்கி எல்லாம் வேறு யாருக்கோ சொந்தமான துறைகள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. பேரேடு, ஐந்தொகை, உண்டியல், தவணை என்று நம் மொழியிலேயே அவற்றுக்குச் சொற்கள் இருந்தன என்பதை இந்தப் பாடத்தின் வழியாகத்தான் அறிந்தேன். அடுத்த ஆண்டு பாடம் தேர்ந்தெடுக்கப்போகும் தம்பி தங்கைகள் வங்கிச் சட்டத்தைக் கண்டு ஒதுங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய சேமிப்புப் புத்தகம் ஏதும் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கணக்கு முடிக்கப்படாமல் இருந்தால் அப்பாவிடம் சொல்லி விசாரியுங்கள். பல ஆண்டுகள் தொடப்படாத பணம் உரிமை கோரப்படாத பணத்தின் பதிவாளரிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம். பெயர்ப்பலகை மாறியிருந்தாலும், அது உங்கள் குடும்பத்திற்கு வர வேண்டிய கடன்.